கூடுதலும் ஆறுதலும்

அரபு மொழியில் ‘ஜப்ர்’ என்றொரு சொல் உண்டு. அகராதியைத் திறந்தால் அதற்கு இரு பொருள்கள் முன்னிற்கும். முறிந்த எலும்பைக் கூட்டிக் கட்டுதல் ஒன்று. ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக வலிந்து செய்வித்தல் மற்றொன்று. முதற்பொருளிலிருந்து கணித நூலுக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மீ, சமன்பாட்டில் குறைபட்டு நிற்கும் பகுதியை நிறைவாக்கும் செயலுக்கு எலும்பு கட்டுவோரின் சொல்லையே எடுத்தாண்டார். அதுவே ‘அல்ஜிப்ரா’ ஆயிற்று. ஸ்பானிய மொழியில் ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்றால் நெடுங்காலம் கணக்காசிரியர் மட்டுமல்லர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரும் ஆவார். இரண்டாம் பொருளிலிருந்தோ இல்முல் கலாமின் பெருவழக்கொன்று கிளம்பிற்று. மனிதன் செய்வதெல்லாம் நிர்ப்பந்தத்தாலா, தன் தேர்வாலா என்பதே அவ்வழக்கு.

ஸர்ஃபுப் பாடம் நடக்கையில் மாணவர்கள் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், கூட்டுவதும் வற்புறுத்துவதும் எப்படி ஒரே சொல்லாயின?” விலகிய எலும்பை இழுத்துப் பொருத்தும் நேரத்தில் கட்டுக்காரர் முன் கையை நீட்டிக்கொண்டு ஒருமுறை அமர்ந்து பார், விளங்கும் என்று சொல்லிவிட்டு மேலே செல்வது என் வழக்கம்.

தமிழ் இவ்விடத்தில் வேறு வழியிற் செல்கிறது. எலும்பு கூடிற்று என்போம். புண் ஆறிற்று என்போம். கூடுதல் என்பதற்கு இணைதல் என்பதோடு மிகுதல் என்ற பொருளும் உண்டு. ஆறுதல் என்பதற்கோ தணிதல் என்பதே அடிப்படை. காய்ச்சிய பால் ஆறுகிறது. மூண்ட சினம் ஆறுகிறது. அவ்வாறே புண்ணும் ஆறுகிறது. உடலில் மூண்ட ஒரு வேலை முடிந்து அடங்குவதையே குணமாதல் என நம் முன்னோர் கண்டனர் போலும். அப்படியாயின், ஆறுதல் இல்லாத கூடுதல் என்னவாகும்?

சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடத்தக்க வினா அன்று இது. இன்றைய உயிர்மருத்துவ ஆய்வுக்கூடங்களில் இதே வினா வேறு உருவில் எழுந்து நிற்கிறது. அழிந்துபோன எலும்பை மீண்டும் வளரச் செய்யும் ஆராய்ச்சி ஒன்று. தழும்பேறி இறுகிப் போகும் நுரையீரலை அந்நிலையிலிருந்து மீட்கும் ஆராய்ச்சி மற்றொன்று. இவ்விரண்டிலும் ஒரே ஆய்வாளர் ஈடுபடுகிறார் எனக் கேள்வியுற்றால், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு துறைகளில் ஒருவர் ஏன் கால் வைத்தார் என்றே நமக்குத் தோன்றும். உண்மையில் அவை ஒரே காரியத்தின் இரு முகங்கள். எலும்பில் அவர் கூட்டுவதற்கு வழி தேடுகிறார். நுரையீரலில் ஆற்றுவதற்கு வழி தேடுகிறார்.

முதலில் எலும்பைப் பார்ப்போம். எலும்பு முறிந்தவுடன் அவ்விடத்தில் இரத்தம் உறைகிறது. சில நாட்களில் அவ்வுறைவினுள் புதிய இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் இரு முனைகளுக்கும் நடுவே குருத்தெலும்புப் பாலம் ஒன்று அமைகிறது. பின்னர் அது சுண்ணமேறிக் கெட்டிப்படுகிறது. அந்நிலையில் முறிவிடம் தேவைக்கு மேல் பருத்து முண்டாக இருக்கும். அதன்பின் நிகழ்வதுதான் வியப்புக்குரியது. எலும்பை ஆக்கும் உயிரணுக்கள் இருப்பதுபோலவே எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் உள்ளன. அவை வந்து மிகுதியாகப் போடப்பட்டதை மாதக் கணக்கில், சிலவிடத்து ஆண்டுக் கணக்கில், சிறிது சிறிதாக அரித்தெடுத்துப் பழைய வடிவத்தை மீட்கின்றன. குழந்தைகளின் எலும்பு சற்றே வளைந்து கூடியிருந்தால்கூட நாளடைவில் நேராகிவிடுவதுண்டு. தோலில் பட்ட ஆழ்ந்த காயம் தழும்பை விட்டுச் செல்கிறது. எலும்போ தழும்பின்றி ஆறுகிறது. தேவைக்கு மேல் கட்டி, பின் மிகையை விலக்கி, அதன்பின் ஓய்வதே அதன் வழக்கம்.

ஆயினும் இடைவெளி பெரிதானால் எலும்பு தானே கூடுவதில்லை. விபத்திலோ புற்றுநோய் அறுவையிலோ ஒரு துண்டு முழுதும் போய்விட்டால், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பது பழைய முறை. ஓரிடத்துக் குறையை நிரப்ப வேறிடத்தில் காயம் செய்ய வேண்டியிருக்கிறது. எடுக்கக் கூடியதும் சிறிதளவே. இதற்கு மாற்றாகவே எலும்புத் திசு ஆக்கும் கலை எழுந்தது. கொத்தனார் வீடு கட்டச் சாரம் கட்டுவதுபோல, எலும்பு வளர ஒரு சாரம் அமைக்கிறார்கள். சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருள், கொலாஜன் என்னும் நார்ப்புரதம், உடலில் கரையக்கூடிய பிளாஸ்டிக் வகைகள் ஆகியவற்றால் நுண்துளைகளோடு அதைச் செய்வார்கள். உயிரணுக்கள் அத்துளைகளில் குடியேறி எலும்பை இழைக்க வேண்டும். எலும்பு எழ எழச் சாரம் கரைய வேண்டும். முன்னதாகக் கரைந்தால் கட்டடம் சரியும்; கரையாமலே நின்றால் புதிய எலும்புக்கு இடமிராது. அக்கலையின் பெரும்பாடு இந்த வேகத்தைப் பொருத்துவதிலேயே கழிகிறது.

இனி நுரையீரல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னுந் நஃபீஸ், இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்றும், நடுச்சுவரில் துளை இல்லை என்றும் எழுதினார். அவ்வழிப்பயணத்தின் முடிவில் இரத்தமும் காற்றும் சந்திக்கும் சுவர், ஏறத்தாழத் தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்கே என்பது இன்று அளந்தறிந்த செய்தி. கோடிக்கணக்கான காற்றறைகள், ஒவ்வொன்றுக்கும் அத்தகைய மெல்லிய சுவர். அம்மென்மையே அதன் பயன்.

அச்சுவரில் ஒரு கீறல் விழுகிறது. உடல் உடனே நார் நெய்யும் உயிரணுக்களை அனுப்புகிறது. அவை கொலாஜன் நாரை இழைத்துக் கீறலை மூடுகின்றன. வேலை முடிந்ததும் அவை மடிந்தொழிய வேண்டும். தழும்பு நோய் கண்டவரிடத்தில் அவை ஒழிவதில்லை. புண் இல்லாத இடத்திலும் கட்டிக்கொண்டே போகின்றன. சுவர் தடித்துக் காற்று இரத்தத்தில் புக வழியின்றிப் போகிறது. பஞ்சு போன்ற உறுப்பு பதனிட்ட தோல்போல் இறுகுகிறது. காரணம் புலப்படாமல் தோன்றும் வகை பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தோரையே பற்றுகிறது. மருந்தின்றி விட்டால், நோயறிந்த நாளிலிருந்து மூன்று முதல் ஐந்தாண்டுகளே பலருக்கு வாழ்நாள். அந்நோயாளியின் உடல் பழுதுபார்க்க மறுத்து அவரைக் கைவிடவில்லை. பழுதுபார்ப்பதை நிறுத்த அறியாமல் அவர் மூச்சை அடைக்கிறது.

எலும்புக்கு வலிமை தரும் கொலாஜனே நுரையீரலை இறுக்கும் கொலாஜனும் ஆகும். எலும்பின் உயிர்ப்பொருளில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். அதை இழைக்கக் கட்டளையிடும் புரதங்களும் இரண்டிடத்தும் ஒரே குடும்பத்தவை. டி.ஜி.எஃப். பீட்டா என்னும் புரதம் எலும்பினுள் உறக்க நிலையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எலும்பு கரைக்கப்படும்போது அது விழித்தெழுந்து, எலும்பாக்கும் உயிரணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கிறது. நுரையீரலிலும் அது உறங்கிக் கிடக்கிறது. காயம் பட்டால் விழிக்கிறது. ஆனால் அங்கே ஒரு தீச்சுழற்சி உண்டு. நார் மிகுந்து திசு இறுகினால், அந்த இறுக்கத்தின் இழுப்பே உறங்கும் புரதத்தை மேலும் எழுப்பிவிடுகிறது; எழுந்தது மேலும் நாரை இழைக்கச் சொல்கிறது.

ஆகவே, இப்பொருள் நல்லது, அப்பொருள் கெட்டது என்று பட்டியலிட இங்கே இடமில்லை. ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நஞ்சு. வள்ளுவரும் மருந்து பற்றிய அதிகாரத்தில் மிகுதியையும் குறைவையும் ஒருசேர வைத்தே நோயைப் பேசினார். ‘கத்ர்’ என்ற அரபுச் சொல்லுக்கு அளவு என்பது பொருள். அதன் உடன்பிறப்பாகிய ‘குத்ரத்’ என்பதற்கு ஆற்றல் என்பது பொருள். அளவும் ஆற்றலும் ஒரே வேரில் முளைத்தவை என்பதை மாணவப் பருவத்தில் இலக்கணமாக மட்டுமே படித்தேன்.

எலும்பில் மட்டும் அளவு தவறாது என்று கருத வேண்டாம். 1965ஆம் ஆண்டில் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணம் நீக்கிய எலும்பை விலங்கின் தசையினுள் வைத்துப் பார்த்தார். தசையில் எலும்பு முளைத்தது! எலும்பை முளைக்கச் சொல்லும் கட்டளை அந்த எலும்பினுள்ளேயே இருக்கிறது என்று அவர் துணிந்தார். அக்கட்டளைப் புரதங்களே பி.எம்.பி. எனப்படுபவை. இக்கட்டளையை ஏற்கும் வாயிலில் ஒரு சிறு பிழையுடன் பிறப்பவர்கள் மிக அரிதாக உண்டு. அவர்களுக்கு அடிபட்ட தசை எலும்பாகவே மாறிவிடும். மூட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும். அந்நோயால் 1973இல் மறைந்த அமெரிக்கர் ஒருவர், தம் எலும்புக்கூட்டை ஆராய்ச்சிக்கு அளிக்க விரும்பினார். ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. மனித எலும்புக்கூடுகளைக் கம்பியால் கோத்துத்தான் நிறுத்துவார்கள். அதற்கோ கம்பி அதிகம் தேவைப்படவில்லை. அப்பிழை எந்த மரபணுவில் உள்ளது என்பது 2006இல் கண்டறியப்பட்டது.

அது படைப்பில் நேர்ந்த பிழை. மனிதர் கையால் நேர்ந்ததும் ஒன்று உண்டு. பி.எம்.பி. புரதத்தில் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, முதுகெலும்பைக் கூட்டும் அறுவைக்குப் பயன்படுத்த 2002இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அனுமதி ஒரு குறிப்பிட்ட முறைக்கு மட்டுமே. ஆனால் மருத்துவர்கள் அதைக் கழுத்திலும் பிறவிடங்களிலும் பயன்படுத்தலாயினர். உடலில் இயல்பாக உள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு அளவில் அது இடப்பட்டது. கழுத்தில் இடப்பட்டவர்களிற் சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. 2008இல் அரசே எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. நிறுவனத்தின் பொருளுதவியோடு நடந்த 13 ஆய்வுகள், 780 நோயாளிகளில் ஒருவருக்கும் இம்மருந்தால் தீங்கில்லை எனக் கூறியிருந்தன. 2011ஆம் ஆண்டு ஜூனில் முதுகெலும்பு மருத்துவ இதழொன்று அக்கணக்கை மறுபரிசீலனை செய்து, அறுவை முறைக்கேற்பத் தீங்கு நூற்றுக்குப் பத்து முதல் ஐம்பது வரை இருக்கலாமென மதிப்பிட்டது. அவ்வாய்வுகளை எழுதிய மருத்துவர் பலர் நிறுவனத்திடம் பெருந்தொகை பெற்றவர்கள். மூல ஆவணங்களை யேல் பல்கலைக்கழகத்தின் வழியே பெற்று ஆராய்ந்த இரு தனிக் குழுக்கள், நோயாளியின் சொந்த எலும்பை வைப்பதைவிட இம்மருந்தால் பெரிய நன்மை ஏதுமில்லை என 2013இல் தெரிவித்தன.

பழைய கலாம் வழக்கு இங்கே நமக்குப் பயன்படுகிறது. நுரையீரலில் ஓயாது நார் நெய்யும் உயிரணுவுக்கு இக்தியார், அதாவது தேர்வு, இல்லை. அது ஜப்ருக்கு உட்பட்டது; அதைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இயலாது. மருந்தின் அளவைக் கூட்டி, தீங்கின் கணக்கைக் குறைத்து எழுதிய கைக்கோ தேர்வு இருந்தது. இரண்டும் ஒரே புரதக் குடும்பத்தின் மிகுதியால் விளைந்தவையே. ஆயினும் ஒன்று நோய், மற்றொன்று குற்றம்.

இந்த வேறுபாட்டை நம் வீடுகளிலேயே நாம் மறந்துவிடுகிறோம் என்பதால் இதை அழுத்திக் கூறுகிறேன். மூச்சு வாங்கும் பெரியவரை நலம் விசாரிக்கச் செல்பவர்களுள் சிலர், வாசற்படி இறங்கியதும், ‘அந்தக் காலத்தில் அவர் செய்ததற்கு இது’ என்பார்கள். உயிரணுவின் மீது சுமத்த முடியாத குற்றத்தை நோயாளியின் மீது சுமத்துகிறார்கள். படுக்கையில் கிடப்பவர் தாமே அவ்வாறு நம்பத் தொடங்கிவிடுவது அதனினும் கொடிது. நோய்க்கான காரணம் எதுவெனக் கற்றறிந்தவர்களே முழுதும் காணாத இடத்தில், அண்டை வீட்டார் அதை எங்ஙனம் கண்டார்?

தண்டனை என்று பேச ஆசைப்படுவோர், யாருடைய தேர்வால் யாருடைய நுரையீரல் கெடுகிறது என்று கேட்கட்டும். தழும்பு நோய்களுள் ஒரு வகைக்குக் காரணம் ஐயத்துக்கிடமின்றித் தெரியும்: மணற்கல்லின் நுண்தூள். இதிலும் ஒரு விந்தை உண்டு. 1969இல் ஃபுளோரிடாவில் லாரி ஹெஞ்ச் என்பவர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒன்றைச் செய்தார். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரியொருவர், உடல் ஒதுக்கித் தள்ளாத பொருளொன்றை ஆக்கித் தர முடியாதா என்று கேட்டதே அதற்குத் தொடக்கம். அக்கண்ணாடியில் நூற்றுக்கு 45 பங்கு சிலிக்கா, அதாவது மணற்பொருள். கண்ணாடியாக உருகி எலும்பருகே வைக்கப்பட்டால் கூட்டுகிறது. படிகத் தூளாகி நுரையீரலுக்குள் சென்றால் ஓயாத தழும்பை மூட்டிவிடுகிறது.

1930இலும் 1931இலும் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மலையைக் குடைந்து நீர்வழி அமைத்தபோது, இத்தூளால் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டனர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். துருக்கியில் புதிய ஜீன்ஸ் துணியைப் பழையதுபோல் காட்ட மணலைப் பீய்ச்சியடித்த இளைஞர்கள் இருபது வயதுகளில் இந்நோய்க்கு ஆளாயினர். 2009இல் அங்கு அத்தொழில் தடைசெய்யப்பட்டது. சமையலறை மேடைக்கென்று செய்யப்படும் செயற்கைக் கல்லை அறுப்போருக்கும் இதே கதி நேர்ந்ததால், 2024 ஜூலை முதல் நாளன்று ஆஸ்திரேலியா அக்கல்லையே விலக்கியது. வெளுத்த கால்சட்டைக்கும் பளபளக்கும் மேடைக்கும் ஒருவர் தம் மூச்சைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் நுரையீரலை ஆற்றும் மருந்தைக் கண்டுபிடிக்கட்டும், அதுவரை தூள் பறக்கட்டும் என்று இருப்பது, கிணற்றில் தள்ளிவிட்டுக் கயிறு திரிக்கும் வேலை.

மருந்து எந்த நிலையில் இருக்கிறது? பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் என்னும் இரண்டுக்கும் 2014 அக்டோபரில் ஒரே நாளில் அமெரிக்கா அனுமதி வழங்கிற்று. முன்னதை ஜப்பான் 2008லேயே ஏற்றிருந்தது. இவை நோயின் ஓட்டத்தைத் தளர்த்துகின்றன, இறுகியதை இளக்குவதில்லை. குமட்டல், வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகளும் உண்டு. இத்தகைய மருந்துகளை முதலில் எலிகளிடத்தே சோதிப்பர். ப்ளியோமைசின் என்னும் புற்றுநோய் மருந்து சிலருக்கு நுரையீரலில் தழும்பை உண்டாக்கியது கண்டு, அதையே எலிகளுக்குச் செலுத்தி நோயை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். வாயற்ற பிராணிக்கு நோயைக் கொடுப்பது பற்றி எனக்குள் உறுத்தல் உண்டு. தேவை இருந்தாலன்றி அது தகாது, தேவை இருந்தாலும் வேதனையைக் குறைத்தாக வேண்டும் என்பதே என் கருத்து. அதில் கவனிக்கத்தக்க செய்தி வேறு. ஒரே தடவை மருந்து செலுத்தப்பட்ட இளம் எலியின் நுரையீரல் சில வாரங்களில் பெரும்பாலும் தானே ஆறிவிடுகிறது. முதிய எலியினுடையது அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. எலியைக் குணமாக்கிய மருந்துகள் பல மனிதரிடம் வந்து தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம். இளமையில் இருந்த ஆறும் திறன் எங்கே போயிற்று என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவரை குடும்பங்கள் என்ன செய்யும்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தவக்குல் பற்றிப் பேசுமிடத்தில் தீங்கை நீக்கும் வழிகளை மூவகையாகப் பிரித்தார்கள். பசிக்கு உணவுபோல் உறுதியானவை முதல்வகை; பெரும்பாலான மருத்துவங்களைப்போல் பயன் தரும் என எண்ண இடமுள்ளவை இரண்டாவது; வெறும் கற்பனையில் நிற்பவை மூன்றாவது. முதலாவதை விடுவது தவக்குல் ஆகாது. இரண்டாவதைச் செய்வதும் தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் குற்றமன்று. மூன்றாவதை விடுவதே சிறப்பு.

முறிந்த கைக்குக் கட்டுப் போடுவதை முதல்வகைக்கு அருகில் வைக்கலாம். தழும்பு நோய்க்கான இம்மருந்துகள் இரண்டாம் வகை. ஆகவே முதியவர் ஒருவர், சில மாதங்கள் உண்டு பார்த்துவிட்டு, ‘இக்குமட்டலோடு இருப்பதைவிட இருக்கும் நாளை அமைதியாகக் கழிக்கிறேன்’ என்று கூறினால், பிள்ளைகள் அவரைப் பாவியாக்கக் கூடாது. ‘உண்கிறேன்’ என்றால், ‘இந்த வயதில் இவ்வளவு செலவா’ என்று முகம் சுளிக்கவும் கூடாது. தேர்வு அவருடையது. மூன்றாம் வகையும் இன்று பகட்டான பெயரோடு வாசலுக்கு வருகிறது. குருத்தணுவை ஊசியில் ஏற்றினால் நுரையீரல் புதிதாகும் என்று விளம்பரம் செய்வோர் பல நாடுகளிலும் உள்ளனர். அமெரிக்க மருந்து நிர்வாகம் அத்தகையோரைப் பலமுறை எச்சரித்துள்ளது. நம் நாட்டிலும் 2017இல் வெளியான தேசிய நெறிமுறைகள், ஏற்கப்பட்ட சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கன்றிப் பிறவற்றுக்குக் குருத்தணுவை ஆய்வாக மட்டுமே பயன்படுத்தலாம் என்கின்றன. ஆய்வுக்கு உட்படுபவரிடம் அதற்கெனக் கட்டணம் கேட்பது முறையன்று. வீட்டை விற்றுப் பணம் கட்டச் சொன்னால், அது ஆய்வும் அன்று, மருத்துவமும் அன்று என அறிந்துகொள்ளலாம்.

அவ்வீட்டில் இருந்தே செய்யக்கூடியவை உள்ளன. மருத்துவர் அளவிட்டுத் தரும் பிராணவாயு, மூச்சுப் பயிற்சி, புகையும் தூசியும் அண்டாத அறை, ஓதும்போதும் தொழும்போதும் அமர்ந்துகொள்ள ஒரு நாற்காலி. நலம் விசாரிக்கச் செல்வோர் கால் நாழிகைக்கு மேல் இருத்தல் வேண்டா. நீண்ட விடை வேண்டும் கேள்விகளையும் அவரிடம் கேட்க வேண்டா. தலையசைத்தே விடை சொல்லக்கூடியவற்றைக் கேட்டு, அவர் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்து வரலாம்.